லாகீஸ் மேட்டில் ஒரு பகல்

எருசலேமுக்குத் தென்மேற்கே, திராட்சைத் தோட்டங்கள் சூழ நிற்கிறது லாகீஸ் மேடு, பழைய யூதா நாட்டு நகரம் ஒன்று புதைந்த இடம். அதன் தென்மேற்கு மூலையில் குவிந்து கிடக்கும் கற்களை முதலில் பார்ப்பவர்கள் இயற்கைச் சரிவு என்றே நினைப்பார்கள். கி.மு. 701இல் மதிலைத் தகர்க்க அசீரிய மன்னன் சனகெரிப்பின் படை கொட்டிய முற்றுகைச் சாய்தளம் அது. ஏறி நின்றபோது உடல் சிலிர்த்தது.

இரண்டாம் இராஜாக்கள் புத்தகத்தில் இந்த ஊருக்குக் கிடைத்த இடம் மிகக் கொஞ்சம். லாகீசில் இருந்த சனகெரிப்புக்கு, எருசலேமிலிருந்து யூதாவை ஆண்ட எசேக்கியா ராஜா ஆள் அனுப்பிப் பணிந்தான், கப்பம் கட்டினான், அவ்வளவுதான். பொன் 30 தாலந்து (அந்தக் கால எடை அளவு) என்கிறது பைபிள். சனகெரிப் எழுதிவைத்த களிமண் பட்டயமும் அதே 30ஐச் சொல்கிறது. வெள்ளி மட்டும் பைபிளில் 300, பட்டயத்தில் 800. பகைவர்கள் தனித்தனியே எழுதிய கணக்கு இந்த அளவுக்கு ஒத்துப்போவது சாதாரண விஷயமல்ல.

ஆனால் அசீரியத் தலைநகர் நினிவேயில் சனகெரிப்பின் அரண்மனைச் சுவரை அலங்கரித்த லாகீஸ் சிற்பங்களை லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் பார்த்த எனக்கு, பைபிளின் அந்த மௌனம் உறுத்துகிறது. மதில்மேலிருந்து தீப்பந்தங்கள் விழ, முற்றுகை வண்டி தீப்பிடிக்காமலிருக்க ஒரு வீரன் நீண்ட அகப்பையால் தண்ணீர் ஊற்றுகிறான். குடும்பங்கள் மாட்டு வண்டியில் பிள்ளைகளோடு நாடுகடத்தப்படுகின்றன. சிலர் கழுவில் தொங்குகிறார்கள். தொல்லியலாளர் டேவிட் உஷிஷ்கின் 1973 முதல் நடத்திய அகழாய்வில் எரிந்த மண்ணிலிருந்து நூற்றுக்கணக்கான அம்புமுனைகள் கிடைத்தன. அதே படையெடுப்பில் எருசலேம் தப்பியதை அத்தனை விரிவாகச் சொன்ன பைபிள் ஆசிரியர்கள் லாகீஸ் அழிந்ததற்கு ஒரு வரிகூட ஒதுக்கவில்லை. பொய் சொல்லவில்லை, தலைநகரின் கண்ணால் மட்டும் பார்த்திருக்கிறார்கள்.

இதே மேட்டில் இன்னும் ஆழமான அடுக்கு வேறு கதை சொல்கிறது. மோசேக்குப் பின் இஸ்ரவேலரை வழிநடத்திய யோசுவா லாகீசைப் பிடித்து, பிறகு வடக்கே ஆத்சோர் நகரைச் சுட்டெரித்ததாக யோசுவாவின் புத்தகம் கூறுகிறது. ஆத்சோர் எரிந்தது கி.மு. 13ஆம் நூற்றாண்டில். லாகீசில் இஸ்ரவேலருக்கு முன்பிருந்த கானானியரின் நகரமோ அடுத்த நூற்றாண்டில்தான் அழிந்தது. அந்த இடிபாட்டுக்கு அடியில் கி.மு. 12ஆம் நூற்றாண்டில் ஆண்ட எகிப்திய மன்னன் மூன்றாம் ராம்சேசின் பெயர் பொறித்த வெண்கலத் துண்டு கிடைத்திருக்கிறது. ஒரே தலைவனின் ஒரே படையெடுப்பில் இரண்டு நகரங்களும் வீழ்ந்திருக்க வழியில்லை. எசேக்கியாவின் கதைக்குத் தரும் நம்பிக்கையை யோசுவாவின் கதைக்கு என்னால் தர முடியவில்லை.

போகிறவர்கள் தண்ணீர் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டாம் இராஜாக்கள் 18ஆம் அதிகாரத்தையும் யோசுவா 10ஆம் அதிகாரத்தையும் மேட்டின் மேலேயே உட்கார்ந்து படியுங்கள்.