பதினொரு ஆண்டுக் கணக்கை முடித்துப் புதுக் கோப்புத் தொடங்கிய அனுபவம்

ஹட்டனில் குடியேறிய 2013 ஆம் ஆண்டிலிருந்து எங்கள் வீட்டு வரவு செலவை க்னூகேஷ் மென்பொருளில் எழுதி வருகிறேன். பதினொரு ஆண்டுப் பதிவுகள் சேர்ந்த பின்னர், எனது பழைய மடிக்கணினியில் கோப்புத் திறப்பதற்கே நெடுநேரம் எடுத்தமையால், பழையவற்றை அகற்ற முடிவு செய்தேன்.

முதலாண்டின் பதிவுகளை ஒவ்வொன்றாக அழிக்கத் தொடங்கியது என் தவறு. இது இரட்டைப் பதிவு முறையில், அதாவது ஒவ்வொரு தொகையையும் இரண்டு கணக்குகளில் எழுதும் முறையில், இயங்கும் மென்பொருள். முதல் நாளிலிருந்து எழுதிய பதிவுகள் அனைத்தின் கூட்டுத்தொகைதான் இன்றைய மீதி. ஆகவே பழைய சம்பள வரவொன்றை அழித்தவுடன் இன்றைய வங்கி மீதியும் அந்த அளவுக்குக் குறைந்துவிட்டது. சேமிக்கும்போதெல்லாம் நாளும் நேரமும் குறித்த காப்புப் பிரதியொன்று அதே கோப்புறையில் சேர்ந்துவிடுவதால், முந்தைய நாளின் பிரதிக்குத் திரும்ப முடிந்தது. புத்தகத்தை மூடும் வசதியையும் பார்த்தேன். அது வருமான, செலவுக் கணக்குகளை உரிமையாண்மைக்கு (கடன் போக நமக்கென மிஞ்சும் சொத்தைக் காட்டும் கணக்குக்கு) மாற்றிப் பூச்சியமாக்குமே தவிர, பழைய பதிவுகளை அகற்றாது.

இறுதியில், எங்கள் நாடான இலங்கையின் வரியாண்டு முடியும் மார்ச் 31ஐ எல்லையாகக் கொண்டேன். கணக்குத் தலைப்புகளை மட்டும் ஏற்றுமதி செய்து புதுக் கோப்பொன்றை உருவாக்கி, 2024 ஏப்ரல் 1 ஆந் திகதியிட்டு மீதிகளைப் பதிந்தேன்.

பெரும்பாலான நேரம், அன்று முடிவடையாமல் நின்றவற்றுக்கே சென்றது. கூரை வேலைக்காக மார்ச் 28இல் கொடுத்த காசோலை, மறுநாள் பெரிய வெள்ளி விடுமுறையும் வார இறுதியும் குறுக்கிட்டதால், ஏப்ரலில்தான் வங்கியில் கழிந்தது. அக்காசோலையை ஏற்கெனவே கழித்துக் காட்டிய என் பழைய கோப்பின் வங்கி மீதியை அப்படியே கொண்டு வந்திருந்தால், ஏப்ரல் வங்கிக் கூற்றில் வரும் அக்காசோலைக்குப் புதுக் கோப்பில் இணைப்பதிவு இராது. எனவே வங்கிக் கூற்றின் மீதியையே ஆரம்ப மீதியாக வைத்து, காசோலையைத் தனியே எழுதி, அதன் மறுபக்கத்தையும் ஆரம்ப மீதிக் கணக்கிலேயே போட்டேன். செலவில் போட்டிருந்தால் ஒரே கூரைச் செலவு இரண்டு ஆண்டுகளில் ஏறியிருக்கும். மாதம் 5,000 ரூபாய் வீதம் 14 மாதம் கட்டி, இன்னும் எடுக்காத சீட்டை, வரவேண்டிய 70,000 ரூபாயாக எழுதினேன்.

பழைய கோப்பை அழிக்க எனக்கு மனம் வரவில்லை. அம்மா தோட்டத்தில் கொழுந்து பறித்த காலத்தில், அவருடைய 8 சதவீதமும் தோட்டத்தின் 12 சதவீதமுமான ஊழியர் சேமலாப நிதிப் பங்களிப்பைச் சம்பளத் துண்டுகளைப் பார்த்து மாதந்தோறும் அதில் பதிந்திருந்தேன். அவர் ஓய்வுபெற்றபோது இரண்டு மாதத் தொகை வரவு வைக்கப்படாததை அப்பதிவுகளைக் கொண்டே கண்டுபிடித்தோம். அக்கோப்பை இரண்டு பென்டிரைவ்களில் பிரதியெடுத்து, ஒன்றைப் பண்டாரவளையிலுள்ள தம்பியிடம் கொடுத்தேன். மார்ச் 31 மீதிப் பட்டியலை அச்சிட்டு, அம்மாவின் சம்பளத் துண்டுகள் இருக்கும் தகரப் பெட்டியில் வைத்திருக்கிறேன்.