வாஷிங் மெஷின் சென்சார்: பச்சைத் தண்ணீரில் நல்லா இருக்கும், சூட்டில்தான் காலை வாரும்

அம்மா படுக்கையில் விழுந்து எட்டு மாதம் ஆகிறது. தினமும் இரண்டு விரிப்பு, சில நாள் மூன்று. அதையெல்லாம் 60 டிகிரி வெந்நீரில் போட்டால்தான் வாடை போகிறது, இல்லையென்றால் எவ்வளவு சோப்பு போட்டாலும் காய்ந்த பிறகு லேசாக நாறும். அதனால் எங்கள் ஃப்ரண்ட் லோடு மெஷின் நடுவில் நின்று எரர் காட்ட ஆரம்பித்ததும் எனக்குக் கை ஒடிந்த மாதிரி ஆகிவிட்டது.

பச்சைத் தண்ணீர் ப்ரோக்ராம் கடைசி வரை ஓடும், வெந்நீர் வைத்தால் மட்டும் இருபது நிமிடம் போல ஓடி நின்றுவிடும். கிருஷ்ணகிரியிலிருந்து வந்த மெக்கானிக் ஒரு நிமிடம் மீட்டர் வைத்துப் பார்த்துவிட்டு, "ஹீட்டர், சென்சார் ரெண்டும் நல்லாத்தான் இருக்குதுங்கண்ணா, போர்டு போயிருச்சு, ஆறாயிரத்து ஐந்நூறு ஆகும்" என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவிட்டேன். மெஷினை இயக்கும் அந்த எலக்ட்ரானிக் போர்டு போயிருந்தால் அது ஏன் சூடான பிறகு மட்டும் நிற்க வேண்டும் என்பது எனக்குப் பிடிபடவே இல்லை.

மாந்தோப்பு போர்வெல் ஸ்டார்ட்டர் பார்க்க வாங்கின மல்டிமீட்டர் வீட்டில் இருந்தது. பிளக்கைப் பிடுங்கி, குழாயை மூடி, முன்பக்கம் கீழே இருக்கும் ஃபில்டர் மூடியைத் திறந்து மிச்சத் தண்ணீரை வடித்தேன். இதைச் செய்யாமல் சென்சாரை இழுத்தால் தொட்டியில் நிற்கும் தண்ணீர் மொத்தமும் தரையில்தான். அப்புறம் பின்தகட்டைக் கழற்றினால் டிரம்முக்குக் கீழே ஹீட்டரின் இரண்டு முனையும் நடுவில் எர்த் போல்ட்டும் தெரிகின்றன, பக்கத்திலேயே இரண்டு மெல்லிய வயரோடு சின்ன கிளிப். அதுதான் தண்ணீரின் சூட்டை அளக்கும் சென்சார். எந்த வயர் எங்கே என்று கழற்றும் முன்னாலேயே போனில் படம் எடுத்துக்கொண்டேன். சில மெஷினில் ஹீட்டர் முன்பக்கம் இருக்குமாம், உங்களுடையதைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மீட்டரில் ஹீட்டர் 26 ஓம் (மின்தடையின் அளவு) காட்டியது, 2000 வாட் ஹீட்டருக்கு அது சரியான அளவு. சென்சார் சுமார் 11 கிலோ ஓம். மெக்கானிக் சொன்னதும் பொய்யில்லை. ஆனால் இந்த சென்சார் என்டிசி வகை, சூடு ஏற ஏற இதன் ஓம் இறங்கும், அந்த அளவை வைத்துத்தான் போர்டு தண்ணீர் எவ்வளவு சூடு என்று தெரிந்துகொள்கிறது. அப்படியென்றால் குளிர்ந்த நிலையில் மட்டும் பார்த்தால் பாதிச் சோதனைதானே?

சென்சாரை ரப்பரோடு மெதுவாக ஆட்டி ஆட்டி உருவினேன். பென்சில் தடிமனில் ஒரு எவர்சில்வர் குச்சி, அதன் மேல் பழைய வெந்நீர் அண்டாவின் அடியில் இருப்பதுபோல வெள்ளையாக உப்பு அப்பியிருந்தது. எங்கள் போர் தண்ணீர் அப்படி. மீட்டர் வயரைக் கிளிப் போட்டு மாட்டி, குச்சியின் முனை மட்டும் முங்குகிற மாதிரி டம்ளரில் வைத்து, கொதித்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். 11, 8, 6 என்று ஒழுங்காக இறங்கியது. 5-க்குப் பக்கத்தில் வந்ததும் சட்டென்று எண் மறைந்து திரையின் இடது ஓரத்தில் வெறும் 1. அதாவது உள்ளே தொடர்பு விட்டுப்போச்சு. டம்ளரிலிருந்து எடுத்து ஆற விட்டேன், பழையபடி எண் வந்தது. மூன்று முறை செய்தேன், மூன்று முறையும் அதே இடம். அந்த 1 வருவதைப் பார்த்தபோது வந்த நிம்மதி இருக்கிறதே, அம்மாவிடம் ஓடிப்போய்ச் சொன்னேன்.

ரவுண்டானா பக்கம் இரண்டு கடையில் கேட்டேன், ஹீட்டரோடு சேர்த்துத்தான் வாங்கணும் என்றார்கள். ஓசூரில் வேலை பார்க்கும் மச்சான் பெங்களூரில் எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோட்டில் தேடி 280 ரூபாய்க்குத் தனி சென்சாராகவே வாங்கி வந்தார். இங்கேதான் கவனம் வேணும். பார்க்க ஒரே மாதிரி இருக்கும், ஆனால் ஒன்று 25 டிகிரியில் 12 கிலோ ஓம், இன்னொன்று 10, வேறொன்று 5-க்குப் பக்கம். தப்பானதை மாட்டினால் போர்டு சூட்டைத் தப்பாகக் கணக்குப் போடும். மெஷினின் மாடல் நம்பரைக் கொடுத்து வாங்கச் சொல்லுங்கள். எங்களுடையது 12, சூடு 25-ஐவிடக் கொஞ்சம் கூட இருந்தால் 11 போலக் காட்டும். புதுசையும் மாட்டுவதற்கு முன்னால் அதே டம்ளரில் வைத்துப் பார்த்தேன், 3 வரைக்கும் எங்கேயும் அறுபடாமல் இறங்கியது.

ரப்பரில் சோப்புத் தண்ணீர் தடவி அழுத்தினால் வழுக்கிக்கொண்டு உட்காருகிறது, எண்ணெய் போட வேண்டாம், ரப்பர் ஊதிப்போகும். முதலில் பச்சைத் தண்ணீரில் ஓட்டி, டார்ச் அடித்துக் கசிவு இல்லை என்று பார்த்துக்கொண்டு, பின்தகட்டை மூடின பிறகுதான் 60 டிகிரி வைத்தேன். அரை மணி நேரத்தில் கதவுக் கண்ணாடி கையை வைக்க முடியாத சூடு. எரர் வரவில்லை. சாயந்தரம் அம்மாவுக்கு வெயிலில் காய்ந்த விரிப்பைப் போட்டேன்.

பின்தகட்டின் உள்பக்கம் மார்க்கர் பேனாவில் எழுதி வைத்திருக்கிறேன்: ஹீட்டர் 26, சென்சார் 12 கிலோ, வெந்நீரில் 3. அடுத்து யார் கழற்றினாலும் கண்ணில் படும்.