பார்லிமென்ட் கொஸ்டின், மிக அவசரம்

மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் வேலை பார்த்தவர்களிடம் ‘பார்லிமென்ட் கொஸ்டின்’ என்று சொன்னாலே போதும், முகம் மாறிவிடும். டெல்லியில் ஒரு எம்.பி. கேள்வி எழுதிக் கொடுத்திருப்பார். அது அமைச்சகத்துக்குப் போய், அங்கிருந்து சென்னை இயக்குநரகத்துக்கு இறங்கி, எங்கள் வாட்ஸ்அப் குழுவுக்கு வரும்போது மதியச் சாப்பாடு முடிந்திருக்கும். கூடவே ஒரு எக்செல் படிவம். இன்று மாலைக்குள் அனுப்ப வேண்டும், மிக அவசரம். கேள்வி கொடுக்கக் குறைந்தது 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்பது நாடாளுமன்ற விதி. அந்த 15 நாளில் எங்கள் பங்குக்கு மிஞ்சுவது இரண்டு மணி நேரம்.

உடனே மாவட்டத்தின் ஒவ்வொரு குழந்தைகள் இல்லத்துக்கும் போன் போட வேண்டும். எத்தனை பிள்ளைகள், அதில் பெண்கள் எத்தனை, தாய் தந்தை இருவரும் இல்லாதவர்கள் எத்தனை. ஒரு இல்லத்தின் காப்பாளர் ஒருமுறை கேட்டார்: “சார், பதிவேட்டுல இருக்கிறதச் சொல்லட்டுமா, இப்ப இருக்கிறதச் சொல்லட்டுமா?” நியாயமான கேள்விதான். பொங்கலுக்கு வீட்டுக்குப் போன பிள்ளைகளில் சிலர் மாசி பிறந்தும் திரும்பியிருக்க மாட்டார்கள். பெயர் மட்டும் பதிவேட்டில் இருக்கும். படிவத்தில் ஒரே ஒரு கட்டம். பதிவேட்டில் இருப்பதையே போட்டோம், எல்லா மாவட்டத்திலும் அதுதான் வழக்கம்.

பிறகு அந்தப் பதில் நாடாளுமன்ற இணையதளத்தில் வரும்போது நான் தேடிப் படிப்பேன். சக ஊழியர்கள் இதற்காக என்னைக் கிண்டல் செய்ததுண்டு. இளைஞர் நீதிச் சட்டத்தை நடைமுறைப்படுத்தும் முதன்மைப் பொறுப்பு மாநில அரசுகளுடையது என்ற வரி அநேகமாக எல்லாப் பதிலிலும் இருக்கும். பின்னிணைப்பில் மாநிலவாரியாக ஓர் அட்டவணை, அதில் தமிழ்நாட்டுக்கு ஒரு வரிசை. எங்கள் மாவட்டம் அந்த எண்ணுக்குள் எங்கேயோ கரைந்திருக்கும்.

இதைக் குறையாகச் சொல்லவில்லை. கேள்வி வந்தால்தான் பதிவேடு திறக்கும். எந்தக் கேள்வி வருகிறது என்பதுதான் விஷயம்.

நாங்கள் தினமும் கையாண்டது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். அதன் முழுப்பெயரிலேயே குழந்தைகளின் பராமரிப்பும் பாதுகாப்பும் உண்டு. மொத்தம் 112 பிரிவுகள். குழந்தைகள் நலக் குழு, இல்லங்களின் பதிவு, வளர்ப்புப் பராமரிப்பு, தத்தெடுப்பு, 18 வயதுக்குப் பிந்தைய உதவி என்று பெரும்பகுதி பராமரிப்பு தேவைப்படும் பிள்ளைகளைப் பற்றியது. ஆனால் அந்த மசோதா பரிசீலனைக்கு வந்தபோது தேசமே பேசியது இரண்டு மூன்று பிரிவுகளைப் பற்றித்தான்: கொடுங்குற்றம் செய்ததாகச் சொல்லப்படும் 16 முதல் 18 வயதுப் பையன்களைப் பெரியவர்களைப் போல விசாரிக்கலாமா? மசோதாக்களை அலசும் எம்.பி.க்களின் நாடாளுமன்ற நிலைக்குழு 2015 பிப்ரவரியில் கொடுத்த அறிக்கையில், அது அரசமைப்புக்கு ஒவ்வாது என்றே சொன்னது. அதைத் தள்ளிவிட்டு மே மாதம் மக்களவை நிறைவேற்றியது. டிசம்பர் 20-ஆம் தேதி நிர்பயா வழக்கின் சிறார் குற்றவாளி விடுதலையானார். 22-ஆம் தேதி மாநிலங்களவையும் நிறைவேற்றிவிட்டது. டிவி முன்னால் உட்கார்ந்து அந்த விவாதத்தைப் பார்த்தேன். அந்தக் கோபம் எனக்கும் புரிந்தது. ஆனால் ஓர் இல்லத்தை யார், எத்தனை நாளைக்கு ஒருமுறை போய்ப் பார்க்க வேண்டும், பார்த்து எழுதியதை யார் படிக்க வேண்டும் என்பதெல்லாம் அந்தச் சத்தத்தில் அமுங்கிப்போயிற்று.

இல்லங்களைப் பற்றிய நிஜமான குறுக்கு விசாரணை நடந்தது உச்ச நீதிமன்றத்தில். மாமல்லபுரத்து இல்லங்களில் பிள்ளைகள் பாலியல் சுரண்டலுக்கு ஆளாகிறார்கள் என்று 2007-இல் வந்த ஒரு பத்திரிகைச் செய்தி, பொதுநல வழக்காக மாறி, 2017 மே மாதத்தில்தான் தீர்ப்பானது. எல்லா இல்லங்களும் அந்த ஆண்டு டிசம்பர் 31-க்குள் பதிவு செய்திருக்க வேண்டும், ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிநபர் பராமரிப்புத் திட்டம் இருக்க வேண்டும் என்றது நீதிமன்றம். சட்டம் ஏற்கெனவே சொன்னதுதான். பதிவுக்குச் சட்டமே ஆறு மாதக் கெடு வைத்திருந்தது, யாரும் கண்டுகொள்ளவில்லை. கோர்ட் சொன்ன பிறகு கட்டட உறுதிச் சான்று, தீயணைப்புச் சான்று, சுகாதாரச் சான்று என்று இல்லக்காரர்கள் அலைந்தார்கள். சான்று வாங்க முடியாத சிலர் இல்லத்தை மூடிப் பிள்ளைகளைச் சொந்தக்காரர்களிடம் அனுப்பிவிட்டார்கள். மூடியதில் சில மூட வேண்டியவைதான். சில அப்படியல்ல.

அடுத்த திருத்தம் 2021-இல் வந்தது. தத்தெடுப்பு ஆணை பிறப்பிக்கும் அதிகாரம் நீதிமன்றத்திடமிருந்து கலெக்டருக்குப் போயிற்று. குழந்தைகள் நலக் குழுவின் மேல் கலெக்டரின் கண்காணிப்பும் கூடியது. இந்த மசோதா நிலைக்குழுவுக்கே போகவில்லை. மாநிலங்களவையில் அது நிறைவேறிய ஜூலை 28 அன்று பெகாசஸ் உளவு மென்பொருள் விவகாரத்தில் ஒரே அமளி. மேசையைத் தட்டும் சத்தத்துக்கு நடுவே குரல் வாக்கெடுப்பு முடிந்துவிட்டது. 15-ஆவது மக்களவையில் 100 மசோதாவுக்கு 71 என்ற அளவில் குழுக்களுக்குப் போய்க்கொண்டிருந்தது, 17-ஆவதில் 16 ஆகிவிட்டது. இந்த எண்ணைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த நாள்தான் ஞாபகம் வரும். திருத்தத்தால் சில கோப்புகள் வேகமாக நகர்ந்தது உண்மை. ஆனால் வெள்ளம், தேர்தல், திங்கட்கிழமை மக்கள் குறைதீர் நாள் எல்லாவற்றையும் சுமக்கிற ஒரு மேசைக்கு இதையும் அனுப்புகிறோமே, அங்கே இதற்கு எத்தனை நிமிடம் கிடைக்கும் என்று ஒரு குழு உட்கார்ந்து கேட்டிருக்கலாம்.

எனக்குப் பிடித்த நாடாளுமன்ற வேலை வேறொரு குழுவிலிருந்து வந்தது. சுஷில் குமார் மோடி தலைமையிலான சட்டம், நீதிக்கான நிலைக்குழு, பாதுகாவலர் உரிமை, தத்தெடுப்புச் சட்டங்களை ஆராய்ந்து 2022 ஆகஸ்டில் ஓர் அறிக்கை வைத்தது. அதில் இரண்டு எண்கள் அருகருகே இருந்தன. பெற்றோரில்லாத, கைவிடப்பட்ட, ஒப்படைக்கப்பட்ட பிள்ளைகளில் தத்துக் கொடுக்கத்தக்கவர்களாக இல்லங்களில் இருந்தவர்கள் 6,996 பேர். தத்துக் கொடுக்கலாம் என்று சட்டப்படி குழந்தைகள் நலக் குழுக்கள் அறிவித்தவர்கள் 2,430 பேர். தத்தெடுக்கப் பதிவு செய்து வெளியே காத்திருந்த பெற்றோரோ 27,939. மொத்தம் எத்தனை என்று கேட்டால் இது தெரியாது. ஒரு படிக்கும் அடுத்த படிக்கும் நடுவே எத்தனை பிள்ளைகள் நின்றுபோகிறார்கள் என்று பார்த்தால்தான் தெரியும்.

அந்த இடைவெளி எங்கள் மாவட்டத்தில் எப்படியிருந்தது என்று எனக்குத் தெரியும். இரண்டு வயதுக்கு உட்பட்ட பிள்ளை என்றால் இரண்டு மாதத்திலும், அதற்கு மேற்பட்டது என்றால் நான்கு மாதத்திலும் அறிவிக்க வேண்டும் என்கிறது சட்டம். ஆனால் கோப்பில் ஒரு தாளாவது குறையும். போலீஸ் அறிக்கை வந்திருக்காது, அல்லது குழுவில் போதிய உறுப்பினர்கள் நியமிக்கப்பட்டிருக்க மாட்டார்கள். அதையும் விடச் சிக்கலானது, யாருமே வந்து பார்க்காத பிள்ளைகள். ஒரு இல்லத்தில் பார்வையாளர் பதிவேட்டைப் பின்னோக்கிப் புரட்டிப் பட்டியல் எடுத்தோம். ஒரு பெண் குழந்தையின் பெயருக்கு எதிரே இரண்டு வருடமாகக் கையெழுத்தே இல்லை. சரி, இது கைவிடப்பட்ட குழந்தைதான் என்று குறித்துக்கொண்டிருந்தபோது இல்ல அம்மா சொன்னார்: “அவ பாட்டி வருவாங்க சார். கேட்டுக்கு வெளியவே நின்னு பாத்துட்டுப் போயிருவாங்க. உள்ள வந்தா கூட்டிட்டுப் போகச் சொல்லிருவோம்னு பயம்.”

அந்தப் பாட்டியைத் தேடிப் போய்ப் பார்த்தோம். கூலி வேலை, ஒற்றை அறை, மூட்டுவலி. “தம்பி, புள்ளைய யாருக்கும் குடுத்துராதீங்க. எனக்கு வச்சுக் காப்பாத்தத் தெம்பு இல்ல, அம்புட்டுத்தான்,” என்றார் அந்த அம்மா. தத்துக்கொடுப்பு அல்ல அங்கே தீர்வு, நிதி ஆதரவுத் திட்டம்தான். மத்திய அரசின் குழந்தைகள் பாதுகாப்புத் திட்டமான மிஷன் வாத்சல்யாவில் மாதம் 4,000 ரூபாய். விண்ணப்பம் போட்டுக் கிடைக்கச் செய்தோம். அறிக்கையின் கண்ணால் பார்த்தால் எண்ணிக்கையில் ஒன்று குறைந்தது, அவ்வளவுதான். ஆனால் அந்த அறிக்கை வந்திருக்காவிட்டால் நாங்கள் அந்தப் பதிவேட்டைப் புரட்டியிருப்போமா என்பது சந்தேகம்.

இன்னும் யாரும் கேட்காத பக்கம் ஒன்று இருக்கிறது. உள்ளே இருப்பவர்களை எண்ணுகிறோம், 18 முடிந்து வெளியே போனவர்களை எண்ணுவதில்லை. சட்டத்தின் 46-ஆவது பிரிவு அவர்களுக்கு நிதியுதவி பற்றிப் பேசுகிறது. நான் இருந்தவரை, போன பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று கேட்டு ஒரு படிவமும் வரவில்லை. திருப்பூரில் பனியன் கம்பெனியில் சேர்ந்த ஒரு பையன் எனக்குப் போன் செய்வான். அவன் ஆதாரில் இருந்தது இல்லத்தின் முகவரியும் காப்பாளரின் கைபேசி எண்ணும். அந்தக் காப்பாளர் வேலையை விட்டுப் போய்விட்டார். பி.எஃப். கணக்குக்கோ வங்கிக்கோ எது செய்தாலும் ஓடிபி எங்கோ போய்க்கொண்டிருந்தது. கடைசியில் ஒரு நாள் சம்பளத்தை விட்டு ஆதார் மையத்தில் வரிசையில் நின்று எண்ணை மாற்றிக்கொண்டான்.

வெளியே அனுப்பும் முன் பிள்ளையின் பெயரிலேயே ஒரு கைபேசி எண்ணை ஆதாரில் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்று விதியில் ஒரு வரி இருந்தால் இது தீர்ந்துவிடும். அதற்குச் சட்டத்தைத் திருத்த வேண்டியதில்லை. மத்திய அரசின் விதிகள் நாடாளுமன்றத்தில் 30 நாள் வைக்கப்படுகின்றன. நம் மாநில விதிகள் சட்டமன்றத்தில் வைக்கப்படுகின்றன. உறுப்பினர் யாராவது எடுத்துப் புரட்டி, இதைச் சேருங்கள் என்று சொல்லலாம்.