எத்திக்ஸ் கமிட்டி அனுமதி: அடுத்துப் போகிறவர்களுக்கு

மனிதர்களை வைத்துச் செய்யும் ஆய்வுக்கு எத்திக்ஸ் கமிட்டி (நெறிமுறைக் குழு) தர வேண்டிய அனுமதிக் கடிதம் ஒருவழியாக வந்துவிட்டது. ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை, அதனால் சூடு ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன்.

மார்பு எக்ஸ்ரேயைப் பார்த்த மாத்திரத்தில் ‘ஏதோ சரியில்லை’ என்று அனுபவமுள்ள ரேடியாலஜிஸ்டுக்கு (எக்ஸ்ரே, ஸ்கேன் பார்த்துச் சொல்லும் டாக்டர்) எப்படிப் படுகிறது, அந்தக் கண் பி.ஜி. மாணவருக்கு எப்படிப் பழகிவருகிறது என்பதுதான் என் உளவியல் பிஎச்.டி. குண்டல், நோடின் என்ற ஆராய்ச்சியாளர்கள் 1975-லேயே வெறும் 0.2 நொடி படத்தைக் காட்டிச் சோதித்தார்கள். ரேடியாலஜிஸ்டுகள் சுமார் 70 சதவீதம் சரியாகச் சொன்னார்கள். சினாப்சிஸ் (ஆய்வுச் சுருக்கம்), டாக்டரல் கமிட்டி எல்லாம் சிக்கலில்லாமல் முடிந்தன. மாட்டிக்கொண்டது ஆஸ்பத்திரி எத்திக்ஸ் கமிட்டியில்.

படிவம் முழுக்க மருந்துச் சோதனைக்காகவே அச்சடித்தது. மருந்தின் அளவு என்ன, சி.டி.ஆர்.ஐ. (மருத்துவச் சோதனைகளுக்கான இந்தியப் பதிவேடு) பதிவு எண் என்ன, இன்சூரன்ஸ் உண்டா? ‘பொருந்தாது’ என்று எழுதிக் கொடுத்தேன். “ஏம்மா, பாதிக் கட்டம் பொருந்தாதுன்னா எதுக்கு இங்க வந்தீங்க?” என்று கிளார்க் அப்படியே திருப்பித் தள்ளினார். பங்கேற்பவர்கள் எம்.டி. படிக்கும் டாக்டர்கள், அவர்களுக்கும் தமிழில் ஒப்புதல் படிவம், கூடவே மொழிபெயர்ப்புச் சான்றிதழ் வேண்டுமாம். வாதாடாதீர்கள், கொடுத்துவிடுங்கள். ‘மருந்து இல்லை, ஊசி இல்லை, திரையில் படம் பார்ப்பது மட்டும்’ என்று கைடு கையெழுத்துப் போட்ட ஒரு பக்கக் கடிதத்தை மேலே வைத்த பிறகுதான் ஃபைல் நகர்ந்தது.

கமிட்டிக் கூட்டத்துக்குப் போனால் கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச ஆட்கள்) இல்லை. ஐ.சி.எம்.ஆர். (இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில்) 2017 நெறிமுறைப்படி குறைந்தது ஐந்து பேர் வேண்டும். நிறுவனத்தைச் சாராத ஒருவரும் அதில் இருக்க வேண்டும். அந்த ஒருவர் வரவில்லை. கிளம்புவதற்கு முன் போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள், அவர்களாகச் சொல்ல மாட்டார்கள்.

உருப்படியான கேள்வி கேட்டவர் வக்கீல் உறுப்பினர் ஒருவர்தான். துறைத் தலைவர் “நம்ம பசங்கதானே, உட்காருன்னா உட்காருவாங்க” என்று பெருந்தன்மையாகச் சொல்லியிருந்தார். “மாட்டேன்னு சொல்ற மாணவன் பாஸாவானா?” என்றார் வக்கீல். நியாயம்தானே! அழைப்பு நோட்டீஸை நானே ஒட்டுவது, பெயருக்குப் பதில் குறியீட்டு எண், மதிப்பெண் துறைக்குப் போகாது என்று ஒப்புதல் படிவத்தில் ஒரு வரி: இந்த மூன்றும் எழுதிக் கொடுத்ததும் வக்கீல் முகம் தெளிந்தது. நீங்கள் இதை முதலிலேயே சேர்த்துவிடுங்கள்.

படங்களைப் பற்றியும் ஒரு எச்சரிக்கை. அந்த ஆஸ்பத்திரிப் படங்களின் மூலையில் நோயாளி பெயர் படத்தோடேயே பதிந்திருந்தது; ஃபைலில் விவரத்தை அழித்தாலும் அது போகாது. அதனால் அமெரிக்க அரசின் மருத்துவ ஆராய்ச்சி நிறுவனமான என்.ஐ.எச். 2017-ல் பொதுவில் வெளியிட்ட மார்பு எக்ஸ்ரே தொகுப்புக்கு மாறினேன். 30,805 நோயாளிகள், 1,12,120 படங்கள். ஆனால் அதிலுள்ள நோய்ப் பெயர்கள் ரிப்போர்ட்டிலிருந்து மென்பொருள் பொறுக்கியவை. ‘நியூமோதொராக்ஸ்’ (நுரையீரலைச் சுற்றிக் காற்று சேர்வது) என்று குறித்த படங்கள் பலவற்றில் காற்றை வெளியேற்றும் குழாய் ஏற்கெனவே மாட்டியிருக்கிறது. அப்படியே பயிற்சிக்கு வைத்தால் மாணவர் கண் நுரையீரலை விட்டுவிட்டுக் குழாயைத் தேடக் கற்றுக்கொள்ளும், ஸ்கோர் மட்டும் ஜோராக ஏறும். இரண்டு ரேடியாலஜிஸ்டுகளிடம் தனித்தனியாகக் கொடுத்துச் சரிபார்த்துக் குழாய்ப் படங்களைக் கழித்துவிடுங்கள்.

எனக்குக் கிடைத்த அனுமதி ஒரு வருடத்துக்குத்தான். எம்.டி. தேர்வு நேரத்தில் ஒருவரும் வர மாட்டார்கள், அதையும் கணக்கில் வைத்துத் தேதி கேளுங்கள்.