புண்ணோடு ஒத்துப்போகும் ஹைட்ரோஜெல்

புண் காய்ந்து பொருக்குத் தட்டினால்தான் ஆறும் என்ற பழைய நம்பிக்கையை ஆய்வாளர் ஜார்ஜ் விண்டர் 1962இல் பன்றிகளின் தோலில் செய்த சோதனை அசைத்தது. பாலித்தீன் படலத்தால் மூடி ஈரம் காக்கப்பட்ட புண்களில், காற்றில் காயவிட்ட புண்களைவிட ஏறக்குறைய இருமடங்கு வேகத்தில் மேல்தோல் படர்ந்தது. அந்த ஈரத்தைத் தானே தந்து, சிறிதளவு கசிவையும் வாங்கிக்கொண்டு, பிரிக்கும்போது புதுத் தோலைப் பிய்க்காமல் வருவதால்தான், நீரை மிகுதியாகத் தாங்கி நிற்கும் ஜெல்லான ஹைட்ரோஜெல்லுக்குப் புண் மருத்துவத்தில் தனி இடம் கிடைத்தது.

நீரில் கரையும் பாலிமர்ச் சங்கிலிகளை, அதாவது சிறு அலகுகள் கோத்த நீண்ட மூலக்கூறுகளை, ஒன்றோடொன்று பிணைத்தால்தான் அவை கரையாமல் ஜெல்லாக நிற்கும். என் பார்வையில், அப்பொருள் உடலுக்கு ஒவ்வுமா என்பது பெரும்பாலும் இந்தப் பிணைப்பு நடக்கும் விதத்திலேயே முடிவாகிவிடுகிறது. குளூட்டரால்டிஹைடு போன்ற வேதிப்பொருளால் பிணைத்தால், வினையில் சேராமல் எஞ்சுவது செல்களைக் கொல்லக்கூடும் என்பதால், பலமுறை கழுவி, எஞ்சியது எவ்வளவு என்று அளந்தும் பார்க்கவேண்டும்.

போலந்தின் வூச் நகரில் யானுஷ் ரோசியாக் குழுவினர் உருவாக்கிய முறையை நான் மிகவும் மதிப்பதற்குக் காரணம், பிணைப்பதற்கென்று எந்த வேதிப்பொருளும் அதில் சேர்க்கப்படுவதில்லை என்பதே. பாலிவினைல் பைரோலிடோன், பாலிஎத்திலீன் கிளைக்கால் என்ற செயற்கைப் பாலிமர்களையும் கடற்பாசியிலிருந்து எடுக்கும் அகாரையும் வெந்நீரில் கரைத்து அச்சில் ஊற்றுகிறார்கள். ஆறியதும் அகார் அதற்கு உருவம் கொடுக்கிறது. பொதியை மூடி முத்திரையிட்ட பிறகு எலக்ட்ரான் கற்றையைப் பாய்ச்சும்போது, நீரிலிருந்து பிறக்கும் ஹைட்ராக்சில் தனியுறுப்புகள் (எளிதில் வினைபுரியும் துணுக்குகள்) பாலிமரிலிருந்து ஹைட்ரஜனைப் பறிக்க, அவ்விடங்களில் சங்கிலிகள் தாமே இணைகின்றன. ஏறத்தாழ 25 கிலோகிரே (கிரே என்பது பொருள் உள்வாங்கும் கதிர்வீச்சின் அலகு) அளவுக் கதிர்வீச்சு ஜெல்லை உருவாக்குவதோடு கிருமிகளையும் நீக்கிவிடுகிறது. மும்பையில் பாபா அணு ஆராய்ச்சி மையம் பாலிவினைல் ஆல்கஹாலை முதன்மையாகக் கொண்டு இதே வழியில் தீக்காய ஜெல்லை உருவாக்கியது.

இத்தகைய ஜெல்லும், மருத்துவச் சாதனங்கள் உடலுக்கு ஒவ்வுமா என்று பார்க்கும் ஐஎஸ்ஓ 10993 என்ற பன்னாட்டுத் தரநிலையின் சோதனைகளைத் தாண்டியாக வேண்டும். ஜெல்லை ஊறவைத்து எடுத்த சாற்றில் வளர்த்த செல்களின் உயிர்ப்பு, அச்சாறு படாத ஒப்பீட்டுச் செல்களின் உயிர்ப்பில் 70 சதவீதத்துக்குக் கீழே இறங்கினால், அது நச்சுத்தன்மைக்கான அறிகுறியாகக் கொள்ளப்படும்.

நீர் மிகுந்த ஜெல் எளிதில் கிழியும். கசிவு அதிகமுள்ள புண்ணில் வைத்தால் சுற்றுத்தோல் ஊறிப்போகும். வெள்ளியைச் சேர்த்தால் கிருமிகள் அடங்கும் என்பது உண்மைதான், ஆனால் அளவு மிகுந்த வெள்ளி அயனிகள் தோல் செல்களையும் தாக்கும். எனவே வெள்ளி சேர்த்த ஜெல்லைத் தொற்றுள்ள புண்களுக்கு மட்டும் என ஒதுக்கி, அதன் செல் சோதனையை முதலிலிருந்து தனியே செய்வதே முறை என்று கருதுகிறேன்.