எம்.டி. அனஸ்தீசியா பிராக்டிக்கல்: சென்ட்ரல் லைன் கேட்டால் டைலேட்டருக்கு முன்னால் நில்லுங்கள்

ரிசல்ட் வந்துவிட்டது, பாஸ். இப்போதுதான் ஒழுங்காகத் தூக்கம் வருகிறது. ஜூனியர்கள் ஆளாளுக்கு "அக்கா, டேபிள் வைவாவுக்கு எதைப் படிக்கணும்" (கருவிகளை மேஜையில் வைத்துக் கேட்கும் வாய்மொழித் தேர்வு) என்று கேட்கிறார்கள், தனித்தனியாகப் பதில் போட்டு அலுத்துப் போச்சு. லாங் கேஸ் (ஒரு நோயாளியை விரிவாகப் பார்த்து விளக்குவது) பற்றிச் சொல்ல ஆயிரம் பேர் இருக்கிறார்கள். நான் சென்ட்ரல் லைன் (இதயத்துக்கு அருகே உள்ள பெரிய வெய்னுக்குள் ஏற்றும் குழாய்) பற்றி மட்டும் சொல்கிறேன், ஏனென்றால் என்னைக் கரையேற்றியது அதுதான்.

எனக்குப் படித்தால் ஏறாது, கையில் பிடித்தால்தான் ஏறும். அதனால் ஐசியூ ஸ்டோரில் காலாவதியாகிக் கிடந்த ஒரு ட்ரிபிள் லூமன் (உள்ளே மூன்று பாதை கொண்ட) செட்டை வாங்கி வந்து ஹாஸ்டல் மேஜையில் பிரித்துப் போட்டேன். கேதீட்டர் (உள்ளே போகும் குழாய்) 7 ஃபிரெஞ்சு பருமன், 16 செ.மீ. நீளம். கைட் வயரின் (குழாய்க்கு வழிகாட்டும் கம்பி) ஜே வடிவ முனையைக் கட்டை விரலால் பின்னுக்கு இழுத்தால் அது நேராகி உள்ளே போகும், விட்டால் மறுபடி வளையும். வயரில் 10 செ.மீ.க்கு ஒரு கோடு. பிரௌன் போர்ட்டின் (கேதீட்டரின் நுனி வரை போகும் பாதையின் வெளி வாய்) மூடியைக் கழற்றாமல் கேதீட்டரை வயர் மேல் ஏற்றினால் வயர் உள்ளேயே முட்டிக்கொண்டு நிற்கும், வெளியே வராது. இதையெல்லாம் புத்தகத்தில் நான் எத்தனை தடவை வாசித்திருந்தாலும் டேபிளில் வாய் வந்திருக்காது. குரூப் டிஸ்கஷன் பிடித்தவர்கள் அதைச் செய்யுங்கள், எனக்கு அது நேர விரயம்.

அனாடமிக்கு மண்டையோட்டிலிருந்து ஆரம்பிக்காதீர்கள். எக்ஸாமினருக்கு வேண்டியது ஊசி எங்கே போகிறது, தப்பினால் எதைக் குத்தும் என்பதுதான். ஐஜேவி (கழுத்தின் உட்புறப் பெரிய வெய்ன்) கரோட்டிட் உறைக்குள், கரோட்டிடுக்கு (கழுத்து ஆர்டரி) வெளிப்பக்கம். இரண்டுக்கும் இடையில் பின்னால் வேகஸ் நரம்பு. ஸ்டெர்னோமாஸ்டாய்ட் தசையின் இரண்டு தலைகளும் சேரும் முக்கோண உச்சியில், கரோட்டிடைத் தொட்டுப் பார்த்து அதற்கு வெளியே, 30 முதல் 45 டிகிரியில், அதே பக்க மார்புக் காம்பை நோக்கி ஊசி போகும். வலது பக்கம் ஏன்? எஸ்விசிக்கு (இதயத்துக்குப் போகும் மேல் பெரிய வெய்ன்) நேர் வழி, ப்ளூராவின் (நுரையீரல் உறை) உச்சி அங்கே கொஞ்சம் தாழ்வு, தொராசிக் டக்ட் (நிணநீர்க் குழாய்) இடது பக்கம். "தலையை நன்றாகத் திருப்புவேன்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். அளவுக்கு மீறித் திருப்பினால் வெய்ன் கரோட்டிட் மேலேயே வந்து படுத்துக்கொள்ளும். சப்கிளேவியனில் (காலர் எலும்புக்கு அடியில்) வெய்னுக்கும் ஆர்டரிக்கும் நடுவில் ஸ்கேலினஸ் ஆன்டீரியர் தசை, பின்னால் ப்ளூரா. அழுத்திப் பிடிக்க முடியாத இடம், ரத்தம் உறையாத நோயாளிக்கு அதைச் சொன்னால் சிக்கல்.

இனி முக்கியமானது. டைலேட்டர் (கேதீட்டருக்கு வழியை அகலமாக்கும் தடித்த குழல்) போகும்வரை நடந்தது எதுவானாலும் பெரும்பாலும் மீட்டுவிடலாம். மெல்லிய ஊசி கரோட்டிடில் போனால் எடுத்துவிட்டு அழுத்திப் பிடிக்கலாம். டைலேட்டரோ கேதீட்டரோ போய்விட்டால் இழுக்கவே கூடாது, அப்படியே வைத்துவிட்டு வாஸ்குலர் சர்ஜனைக் கூப்பிட வேண்டும். எனக்கு முன்னால் போனவர் "எடுத்துட்டுப் பிரஷர் கொடுப்பேன் சார்" என்றார், வெளியூர் எக்ஸாமினர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். ஆகவே ஸ்டெப்களைச் சொல்லிக்கொண்டே போகும்போது வயர் ஏறியதும் நீங்களாகவே நிறுத்துங்கள், "இப்போ வயர் வெய்னில்தான் இருக்கிறதா என்று பார்ப்பேன்" என்று சொல்லுங்கள். மறு கேள்வி அங்கேயிருந்துதான் வரும், உங்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்து.

ரத்தத்தின் நிறம், துடிப்பு என்று சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள். பிபி 70-இல், சாச்சுரேஷன் குறைந்து கிடப்பவருக்கு ஆர்டரி ரத்தமும் கறுப்பாகத்தான், துடிக்காமல்தான் வரும். அல்ட்ராசவுண்டில் வயரைக் குறுக்கிலும் நெடுக்கிலும் பார்த்து, காலர் எலும்பு வரை பின்தொடருங்கள். மெஷின் இல்லையா, சின்ன கேனுலாவை வயர் மேல் ஏற்றி, வயரை எடுத்து, பிரஷர் பாருங்கள். டிரான்ஸ்டியூசரும் (பிரஷரை மானிட்டரில் காட்டும் கருவி) இல்லாவிட்டால் எக்ஸ்டென்ஷன் டியூபில் ரத்தத்தை ஏற்றித் தூக்கிப் பிடித்தால் மட்டம் இறங்குகிறதா என்று தெரிந்துவிடும், இறங்கினால் வெய்ன். அப்புறம், அல்ட்ராசவுண்ட் குறுக்கு வெட்டில் தெரியும் வெள்ளைப் புள்ளி ஊசி முனைதான் என்று நம்பாதீர்கள், அது தண்டாகவும் இருக்கலாம், முனை பின்சுவரைத் தாண்டியிருக்கும்.

மற்றவை, வேகமாக:
- வயர் 20 செ.மீ.க்கு மேல் வேண்டாம். மானிட்டரில் எக்டோபிக் (இடையில் தப்பி வரும் இதயத் துடிப்பு) வந்தால் பின்னுக்கு இழு.
- டைலேட்டர் தோலுக்கும் அடித்திசுவுக்கும்தான், அடிவரை தள்ளாதே.
- வயரின் வால் பிரௌன் போர்ட் வழியாக வெளியே வந்து கையில் பிடிபடும்வரை கேதீட்டரைத் தள்ளாதே.
- எக்ஸ்ரேயில் கேதீட்டர் முனை கரைனா (மூச்சுக்குழாய் இரண்டாகப் பிரியும் இடம்) மட்டத்தில். வலது ஐஜேவிக்கு நோயாளியின் உயரத்தைப் (செ.மீ.) பத்தால் வகுத்தால் தோராய ஆழம்.
- 2015-இல் வந்த 3சைட்ஸ் ஆய்வு: சப்கிளேவியனில் தொற்றும் ரத்தக்கட்டும் குறைவு, நியூமோதொராக்ஸ் (நுரையீரலைச் சுற்றிக் காற்றுப் புகுவது) அதிகம்.
- ஊசி, வயர், அதன் மேல் கேதீட்டர் என்ற இந்த முறையைச் சொன்ன செல்டிங்கர் 1953. ஃபோர்ஸ்மன் 1929, தன் கையிலேயே கேதீட்டரை ஏற்றிக்கொண்டு எக்ஸ்ரே அறைக்கு நடந்தே போனவர், 1956-இல் நோபல். மார்க் வராது, எக்ஸாமினர் முகம் மலரும்.

போடுவதை எல்லாரும் படிக்கிறார்கள், எடுப்பதை யாரும் படிப்பதில்லை. தலையைத் தாழ்த்தி, மூச்சை வெளியே விடச் சொல்லி, எடுத்ததும் அழுத்திப் பிடித்து, காற்றுப் புகாத டிரெஸ்ஸிங். "உட்கார வைத்து" என்று வாய் தவறிச் சொன்னால் மிச்ச வைவா முழுக்க ஏர் எம்பாலிசம்தான் (ரத்தத்தில் காற்றுப் புகுந்து அடைப்பது). அதற்குப் பதில்: இடது பக்கம் சாய்த்து, தலையைத் தாழ்த்தி, 100% ஆக்சிஜன்.