மூடும் முன் பார்த்துவிடுங்கள்: புது மனைப்பிரிவில் பில்டரிடம் கட்டும் முதல் வீடு

முதல் வீடு கட்டுகிறவர்கள் சைட்டுக்கு அதிகம் போவது டைல்ஸ் ஒட்டும்போதும் பெயின்ட் அடிக்கும்போதும்தான். வீட்டின் பலத்தைத் தீர்மானிக்கிற எதுவும் அந்த நேரத்தில் கண்ணுக்குத் தெரியாது. எல்லாம் மண்ணுக்கும் கான்கிரீட்டுக்கும் பூச்சுக்கும் உள்ளே போயிருக்கும். டைல்ஸ் கோணலாக இருந்தால் பெயர்த்து மறுபடி ஒட்டலாம். தூணுக்குள் நெடுக்குக் கம்பிகளைச் சுற்றிக் கட்டும் ரிங் குறைந்துபோயிருந்தால் அதைத் திருத்துவது பெரும்பாடு. வேலைக்கு நடுவே பத்து நாள்தான் போக முடியும் என்றால், அந்தப் பத்தும் ஏதாவது ஒன்று மூடப்படுவதற்கு முந்தைய நாளாக இருக்கட்டும்.

முதலில் மூடப்படுவது கடைக்கால். மேடு பள்ளமான நிலத்தைச் சமப்படுத்தித்தான் மனைகளாகப் பிரிக்கிறார்கள். மேட்டை வெட்டிய மண் பள்ளத்துக்குப் போயிருக்கும். ஒரே மனையில் முன்பாதி இயற்கை மண்ணாகவும் பின்பாதி கொட்டிய மண்ணாகவும் அமைந்துவிடலாம். வீடு முழுவதும் ஒரே அளவாக 2 செ.மீ. இறங்கினால் சுவருக்கு ஒன்றும் ஆகாது. ஒரு மூலை மட்டும் இறங்கும்போதுதான் செங்கல் வரிசைகளின் ஊடே படிக்கட்டு போலச் சாய்வாக வெடிப்பு ஓடும். பூசி மறைத்தாலும் அது திரும்ப வரும்.

இதைத் தவிர்க்க உங்கள் மனையிலேயே மண் பரிசோதனை வேண்டும், அதுவும் எதிரெதிர் மூலைகளில் குறைந்தது இரண்டு துளைகள். 63.5 கிலோ எடையைச் சுமார் 75 செ.மீ. உயரத்திலிருந்து விட்டு ஒரு குழாயை மண்ணுக்குள் 45 செ.மீ. இறக்குவார்கள். கடைசி 30 செ.மீ. இறங்க எத்தனை அடி ஆனது என்பதுதான் அறிக்கையில் வரும் 'என்' (N) மதிப்பு. இரண்டு துளைகளிலும் ஒரே ஆழத்தில் அந்த எண் பெரிதும் மாறுபட்டால், வானம் தோண்டும் முன்பே ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் அடித்தளத்தை மறுபடி யோசிக்க வேண்டும். "பக்கத்து மனை ரிப்போர்ட் இருக்கு சார், அதே மண்தான்" என்பதை மட்டும் ஏற்றுக்கொள்ளாதீர்கள். சமப்படுத்திய நிலத்தில் பக்கத்து மனை மண் வேறாக இருக்க எல்லா வாய்ப்பும் உண்டு.

மனை அளவு எடுக்கும்போதும் இதே கவனம் தேவை. பக்கத்தில் வேலை நடந்தால் மண் அள்ளும் இயந்திரம் எல்லைக் கல்லைச் சாய்த்திருக்கும், நகர்த்தியும் இருக்கும். பக்கத்து வீட்டுச் சுற்றுச்சுவரை வைத்து அளக்காமல், கல்லைச் சர்வேயர் சரிபார்த்த பிறகு அளந்து குறியிடச் சொல்லுங்கள். மூலை செங்கோணமாக இருக்கிறதா என்று பார்க்க 3, 4, 5 அடி முக்கோணம் போதும். பெரிய அளவில் இரண்டு மூலைவிட்டங்களும் சமமாக வர வேண்டும்.

அடுத்தது தரைமட்டம். மனை வாங்கும்போது நீங்கள் பார்க்கும் சாலை பெரும்பாலும் முடிந்த சாலை அல்ல. அதன்மேல் இன்னும் ஓரிரு அடுக்கு ஏறும், வடிகால் பிறகு வரும். இன்றைய சாலையிலிருந்து அளந்து பேஸ்மெண்ட் (வீட்டுத் தரைக்கு அடியில் மண் நிரப்பும் மேடை) உயரம் வைத்தால், சில வருடத்தில் சாலை மேலேயும் வாசல் கீழேயும் ஆகிவிடும். மனைப்பிரிவு நிறுவனத்திடம் சாலையின் இறுதி மட்டம், வடிகாலின் அடிமட்டம் இரண்டையும் எழுத்தில் வாங்குங்கள். கழிவுநீர்க் குழாய் வடிகாலை விடத் தாழ்ந்துவிட்டால் அதற்குப் பிறகு பம்ப் வைப்பதைத் தவிர வழி இருக்காது.

பேஸ்மெண்ட் நிரப்புவது பலரும் கவனிக்காமல் விடும் வேலை. மண் நன்றாக இறுக ஒரு குறிப்பிட்ட ஈரம் வேண்டும், அதற்குக் கூடினாலும் குறைந்தாலும் இறுகாது. அமெரிக்கப் பொறியாளர் ரால்ஃப் புராக்டர் 1933-ல் காட்டிய இந்த விஷயத்தின் மேல்தான் இன்றைக்கும் மண் இறுக்கும் வேலை நடக்கிறது. சைட்டில் நடப்பதோ வேறு: மூன்றடி மண்ணை ஒரே மூச்சில் கொட்டித் தண்ணீரைத் திறந்துவிடுவார்கள். மேலே கெட்டியாகத் தெரியும், அடியில் இடைவெளி அப்படியே இருக்கும். இரண்டு மழைக்காலம் போன பிறகு ஸ்கர்ட்டிங்குக்கும் (சுவரின் அடியோர டைல்ஸ் பட்டை) தரைக்கும் நடுவே விரல் நுழையும் சந்து விழுவது இதனால்தான். 15 முதல் 20 செ.மீ. அடுக்காகக் கொட்டி, ஒவ்வொரு அடுக்கையும் நனைத்து, இயந்திரத்தால் இடிக்க வேண்டும். கட்டட இடிபாடும் மரத்துண்டும் அதில் விழக்கூடாது, மரம் இருந்தால் கரையான் வரும்.

இனி ஒப்பந்தம். "நல்ல தரமான கம்பி", "பிராண்டட் ஒயர்" போன்ற சொற்களுக்கு ஒப்பந்தத்தில் எந்தப் பொருளும் இல்லை. கம்பியின் கிரேடு, சிமெண்டின் வகை, கான்கிரீட்டின் கிரேடு, ஒயரின் தடிமன், குழாயின் அழுத்த வகை என்று எண்ணோடு எழுத வேண்டும். சதுர அடிக்கு இவ்வளவு என்று பேசினால், எது எது சதுர அடிக் கணக்கில் வரும் என்பதும் எழுத்தில் இருக்கட்டும். பால்கனி, படிக்கட்டு மேல்கூரை, சுற்றுச்சுவர், நிலத்தடித் தொட்டி, கழிவுத் தொட்டி ஆகியவைதான் பின்னால் "எக்ஸ்ட்ரா" ஆகி வந்து நிற்கும். எந்த எக்ஸ்ட்ராவும் தொகையோடு எழுதி இருவரும் கையெழுத்திட்ட பிறகே தொடங்கும் என்று ஒரு வரி சேருங்கள். அந்த ஒரு வரியே பாதிச் சண்டையைத் தவிர்க்கும்.

பணத்தைத் தேதிக்குக் கொடுக்காதீர்கள், முடிந்த வேலைக்குக் கொடுங்கள். பில்டரின் தவணை அட்டவணை பெரும்பாலும் முன்பக்கம் கனமாக இருக்கும்: தளம் போடும்போதே செய்த வேலையை விட அதிகப் பணம் போயிருக்கும். பிறகு அவருடைய ஆட்கள் அதே மனைப்பிரிவில் வேறு வீட்டுக்குப் போனால், அவர்களைத் திருப்பிக் கூப்பிட உங்கள் கையில் ஒன்றும் இருக்காது. புது மனைப்பிரிவில் ஒரே மேஸ்திரி நான்கைந்து வீட்டை ஓட்டுவது சாதாரணம் என்பதால் இது முக்கியம். மொத்தத்தில் 5 சதவீதமாவது, வீடு ஒரு மழைக்காலத்தைத் தாண்டும் வரை உங்களிடம் நிற்கட்டும். அதோடு, "கம்பி கட்டியபின் உரிமையாளரின் இன்ஜினியர் பார்த்துக் கையெழுத்திடாமல் கான்கிரீட் போடக்கூடாது" என்பதையும் எழுதிவிடுங்கள். பில்டரிடம் சம்பளம் வாங்காத ஒரு இன்ஜினியரை நீங்களே வைத்துக்கொள்வது மொத்தச் செலவில் சிறிய தொகைதான்.

கம்பி கட்டிய நாள்தான் எல்லாவற்றிலும் பெரிய நாள். கம்பியின் எடையை நீங்களே சோதிக்கலாம்: விட்டத்தை மி.மீ.-ல் எடுத்து, அதை அதாலேயே பெருக்கி, 162 ஆல் வகுத்தால் ஒரு மீட்டரின் எடை கிலோவில் வரும். 8 மி.மீ. கம்பிக்கு 0.395, 12 மி.மீ. கம்பிக்கு 0.89. ஆக 12 மீட்டர் நீளமுள்ள 12 மி.மீ. கம்பி ஒன்று 10.7 கிலோ நிற்க வேண்டும். தராசில் கணிசமாகக் குறைந்தால் லோடைத் திருப்பி அனுப்புங்கள்.

கம்பிக்கும் பலகைக்கும் நடுவே கவர் பிளாக் (கம்பியை விலக்கி நிறுத்தும் சிறு கட்டை) இருக்கிறதா என்று குனிந்து பாருங்கள். கம்பியை மூடும் கான்கிரீட்டின் கனம், அதாவது கவர், பொதுவாகத் தளத்துக்கு 20 மி.மீ., தூணுக்கு 40, அடித்தளத்துக்கு 50. உடைந்த ஜல்லியையும் டைல்ஸ் துண்டையும் அண்டைக் கொடுத்திருந்தால் எடுத்துவிட்டு கான்கிரீட்டில் வார்த்த பிளாக் வைக்கச் சொல்லுங்கள். கவர் குறைந்த இடத்தில் ஈரம் கம்பியைத் தொடும். துருப்பிடித்த கம்பி பருத்து, அடியில் இருக்கும் கான்கிரீட்டைத் தள்ளிவிடும். பழைய வீடுகளின் கூரை பெயர்ந்து கம்பி தெரிவது அப்படித்தான். தூண் ரிங்கின் முனைகள் 135 பாகை வளைந்து உள்பக்கம் போக வேண்டும். 90 பாகையோடு விட்டால் நெருக்கடியில் ரிங் விரிந்துகொடுக்கும்.

பால்கனியும் சன்ஷேடும் தனியாகக் கவனிக்க வேண்டியவை. சுவரிலிருந்து வெளியே நீளும் தளத்துக்கு முக்கியக் கம்பி மேலே இருக்க வேண்டும், ஏனென்றால் இழுவிசை மேல்பக்கம்தான். கான்கிரீட் கொட்டும் ஆட்கள் அந்தக் கம்பியின் மேல்தான் நடப்பார்கள். அடியில் வளைத்து வைத்த சேர் கம்பி போதாவிட்டால், ஒவ்வொரு மிதிக்கும் அது கொஞ்சம் கொஞ்சமாகக் கீழே போகும். 125 மி.மீ. தளத்தில் அடியிலிருந்து 100 மி.மீ. உயரத்தில் இருக்க வேண்டிய கம்பி 70-க்கு இறங்கினால், பலத்தில் ஏறக்குறைய 30 சதவீதம் போய்விட்டது. வெளியிலிருந்து பார்த்தால் அதே பால்கனிதான். கொட்டுவதற்கு முன் அந்தக் கம்பியின் மேல் நீங்களே ஏறி நின்று பாருங்கள். அமுங்கினால் இன்னும் சேர் வைக்கச் சொல்லுங்கள், நடப்பதற்குப் பலகை போடச் சொல்லுங்கள்.

கான்கிரீட் நாளில் கண் தண்ணீரின் மேல் இருக்கட்டும். தண்ணீருக்கும் சிமெண்டுக்கும் உள்ள விகிதம்தான் வலிமையைத் தீர்மானிக்கிறது என்று அமெரிக்க ஆய்வாளர் டஃப் ஏப்ரம்ஸ் 1918-ல் எழுதினார். 50 கிலோ மூட்டைக்கு 0.5 விகிதம் என்றால் 25 லிட்டர், மணலில் ஏற்கெனவே உள்ள ஈரமும் இதில் சேர்த்திதான். கலவை கெட்டியாக இருக்கிறது, தள்ள வரவில்லை என்று மூட்டைக்கு ஒரு சின்ன வாளி, 10 லிட்டர், கூடுதலாக ஊற்றினால் வலிமையில் மூன்றில் ஒரு பங்கோ அதற்கு மேலோ குறையும். கூடுதல் தண்ணீர் பின்னால் ஆவியாகி, நுண்துளையை விட்டுச் செல்லும். அந்தத் துளை வழியாகத்தான் பிறகு மழை ஒழுகும். இளக்கம் வேண்டுமென்றால் அதற்கான கெமிக்கலை அளவோடு சேர்க்கலாம். லாரியில் வரும் ரெடிமிக்ஸ் என்றால் சீட்டில் உள்ள நேரத்தைப் பாருங்கள். தாமதமாகி இறுகத் தொடங்கிய கலவையில் டிரைவர் குழாயைத் திறந்துவிட அனுமதிக்காதீர்கள்.

ஒவ்வொரு தளத்துக்கும் 150 மி.மீ. கியூப் (சோதனைக்கு வார்க்கும் கான்கிரீட் கனசதுரம்) ஆறு எடுத்து, மூன்றை 7-ஆம் நாளும் மூன்றை 28-ஆம் நாளும் சோதியுங்கள். எம்20 கான்கிரீட் (சதுர மி.மீ.-க்கு 20 நியூட்டன் வலிமை) என்றால் 28-ஆம் நாளில் ஒரு கியூப் 450 கிலோநியூட்டன் தாங்க வேண்டும். கியூபை அந்தத் தளத்தில் கொட்டும் கலவையிலிருந்தே நிரப்புகிறார்களா என்று நின்று பாருங்கள். தனியாகக் கெட்டியாகக் கலந்து நிரப்பினால் சோதனையே வீண்.

கலவையை அதிரவைத்து இறுக்கும் வைப்ரேட்டர் இல்லாமல் தூண் போட விடாதீர்கள், அடியில் தேன்கூடு போல ஓட்டைகள் விழும். தளத்தைப் பாத்தி கட்டித் தண்ணீர் தேக்கிக் குறைந்தது 7 நாள், சாம்பல் கலந்த சிமெண்டுக்கும் கடும் வெயிலுக்கும் 10 நாளுக்கு மேல் ஈரம் காயாமல் வையுங்கள். தூணுக்கு ஈரச் சாக்கு சுற்ற வேண்டும். காலையும் மாலையும் தண்ணீர் அடித்தால் நடுப்பகலில் காய்ந்துவிடும். கான்கிரீட்டைத் தாங்கும் முட்டு எடுக்கும் விஷயத்தில் அவசரப்படாதீர்கள்: தாங்கலுக்குத் தாங்கல் 4.5 மீட்டருக்குள் உள்ள தளத்துக்குக் குறைந்தது 7 நாள், அதைத் தாண்டினால் 14 நாள், உத்தரத்துக்கு 14 நாளிலிருந்து 21 நாள். பலகையை அடுத்த வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டியிருப்பதால் இதில்தான் பில்டர் அதிகம் அவசரப்படுவார்.

பூச்சுக்கு முன் இன்னொரு மூடும் நாள். சுவரில் காடி எடுத்துப் பதித்த எல்லாக் குழாயையும், பக்கத்தில் அளவு டேப் விரித்து, அறைவாரியாகப் படம் எடுத்து வையுங்கள். பின்னால் ஆணி அடிக்கும்போது அதுதான் கைகொடுக்கும். தண்ணீர்க் குழாயில் வேலை அழுத்தத்தைப் போல் ஒன்றரை மடங்கு ஏற்றிப் பல மணி நேரம் நிறுத்தினால் மீட்டர் முள் இறங்கக்கூடாது. குளியலறைத் தளத்தில் நீர்த்தடுப்புப் பூசியபின் தண்ணீர் தேக்கி இரண்டு நாள் விட்டு, கீழே கூரையில் ஈரம் தெரிகிறதா என்று பார்த்த பிறகே டைல்ஸ். கான்கிரீட் தூணும் செங்கல் சுவரும் சேரும் கோட்டில் வலை அடிக்காமல் பூசினால் அந்தக் கோட்டிலேயே வெடிக்கும்.

சாவி வாங்கும் நாளில் மொட்டை மாடியில் தண்ணீர் ஊற்றி, தேங்காமல் வடிகுழாய்க்கு ஓடுகிறதா பாருங்கள். 100 அங்குலத்துக்கு ஓர் அங்குலமாவது சரிவு வேண்டும். மின்கசிவு வந்தால் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லியாம்பியர் ஆர்சிசிபியின் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் அது உடனே விழ வேண்டும். குறைகளைப் பட்டியலாக எழுதி, ஒவ்வொன்றுக்கும் தேதி போட்டுக் கையெழுத்து வாங்குங்கள். கியூப் அறிக்கைகள், மண் அறிக்கை, கட்டியபடியான வரைபடம், குழாய்ப் படங்கள் எல்லாம் கைக்கு வந்த பிறகு கடைசித் தவணையைக் கொடுங்கள். அந்த 5 சதவீதத்தை மழை முடியும் வரை விடாதீர்கள்.